பேசாலையில் திறக்காத சோடாப் போத்தல்

கடந்த ஓகஸ்ட் மாதம் மூன்று நாள் மன்னாருக்குப் போய் வந்தேன். சுற்றுலா அல்ல, படிப்பு. கொழும்பில் நான் படிப்பது ஒரு சர்வதேச வணிகக் கல்லூரி. தாய் வளாகம் ஐரோப்பாவில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் 'நிலைபேறான வணிகம்' என்றொரு பாடம். வகுப்பறையில் படம் காட்டிக் களைத்துப்போன விரிவுரையாளர், எங்களைச் சோடி சோடியாகப் பிரித்து மன்னார்த் தீவின் கிராமங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொரு சோடியும் அங்குள்ள ஒரு சிறுதொழிலைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். கூடவே ஒரு விதி: மூன்று நாளும் எங்களால் உண்டாகும் குப்பை முழுவதையும் ஒரு துணிப்பையில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வந்ததும் தராசில் நிறுப்பார்கள். பாரம் குறைந்த பையைக் கொண்டுவந்த சோடிக்கு ஒரு தவணை தாய் வளாகத்தில் படிப்பு, முழுச் செலவும் கல்லூரியினுடையது.

எனக்கு அது வேண்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் பாடசாலை வான் ஓட்டுகிறார். நான் படிப்பதே பாதி உதவிப்பணத்தில். விமானம் ஏற எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் சோடி எலின், சுவீடன்காரி. அவளுக்கு ஐரோப்பா புதிதல்ல, ஆனால் தோற்பது அறவே பிடிக்காது.

போக நினைப்பவர்களுக்கு: புறக்கோட்டையில் காலை 6.30க்கு பஸ் எடுத்தோம், மன்னார் நகரில் இறங்கும்போது பிற்பகல் 2.30. ஏறத்தாழ 310 கிலோமீற்றர். ஆளுக்கு 1,500 ரூபா வாங்கினார்கள், இப்போது கூடியிருக்கலாம். காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும் என்பதால் இடப்பக்கம் இருங்கள். மதவாச்சி தாண்டிவிட்டால் எந்தப் பக்கமும் தப்பாது. தீவுக்குள் போகும் பாலத்தில் யன்னலை மூடாதீர்கள். எட்டு மணிநேரம் வெந்ததற்கு அந்தக் காற்றுத்தான் கூலி.

முதல் சோதனை சாப்பாட்டுக் கடையில் வந்தது. இங்கே சாப்பாட்டுக் கோப்பையில் பொலித்தீன் தாள் விரித்துத்தான் சோறு போடுவார்கள். தாள் வேண்டாம் என்றேன். கழுவாத கோப்பையை மறைக்கத்தான் தாள் என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்து, பரிமாறியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கழுவின கோப்பைதான் தங்கச்சி, நம்பிச் சாப்பிடுங்கோ. தாள் சும்மா மேலால போடுறது" என்றார். நம்பித்தான் தாளை வேண்டாம் என்கிறோம் என்று அவருக்குப் புரியவைக்க மீன்குழம்பு ஆறிவிட்டது. அன்று மாலை எங்கள் பையில் இருந்தவை இரண்டு பஸ் ரிக்கற்றும் ஒரு சவர்க்கார உறையும். எலின் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

மறுநாள் பேசாலைக்குப் போனோம். நகரிலிருந்து 17 கிலோமீற்றர், பஸ்ஸில் அரைமணிநேரம். சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் காலம், கண்ணாடி அவசியம். அங்கே கருவாடு போடும் பெண்களின் சிறு சங்கம் ஒன்றைப் பற்றித்தான் எங்கள் அறிக்கை. தலைவி றோசலின் அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களை இரண்டு கதிரைகளில் இருத்திவிட்டு உள்ளே போய், ஒரு தட்டத்தில் இரண்டு சோடாப் போத்தல் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் போத்தல், மூடி திறக்கவில்லை, கிளாசும் இல்லை.

எலின் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே, "வேண்டாம் அக்கா, எங்களிட்டத் தண்ணி இருக்கு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். இரண்டு தரம், மூன்று தரம் வற்புறுத்துவதுதான் முறை. றோசலின் அக்கா வற்புறுத்தவில்லை. தட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளைக்கு எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில எவடம்?"

சொன்னேன்.

"ஓம், விளங்குது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே? எங்கட கோப்பையில தரேல்லையே. மூடியோடதானே வாங்கி வைச்சனான்."

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கடற்றொழில் செய்யும் வீட்டில், மேல்சாதி என்று சொல்லிக்கொள்ளும் என் ஊரிலிருந்து வந்த ஒருத்தி வாய் நனைக்காமல் எழும்பினால், அதற்குச் சாதி என்ற ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தொடக் கூச்சப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான், மூடி திறக்காத போத்தலை நீட்டும் வழக்கமே வந்தது. வந்தவர் சாக்குச் சொல்ல இடம் இருக்கக்கூடாதென்று காசு கொடுத்து வாங்கி வைத்ததை நான் வேண்டாம் என்றிருக்கிறேன். குப்பைப் போட்டி என்று விளக்கலாம். நானே அந்தப் பக்கம் இருந்தால் நம்பமாட்டேன்.

தட்டத்தைத் திரும்ப வாங்கினேன். எலின் தன் மொழியில் ஏதோ சீறினாள். மூடியைத் திருகி, ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு, "அக்கா, உங்கட கோப்பையில ஒரு தேத்தண்ணியும் தாங்கோ" என்றேன். கொண்டுவந்தார். நான் குடித்து முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டுதான் தன் கதிரையை இழுத்துப் போட்டார். "சரி, என்ன கேக்கப் போறியள், கேளுங்கோ."

இரண்டு மணிநேரம் கதைத்தார். உப்பு, காற்று, கொழும்பு வியாபாரி, மழைக்காலத்துப் பாடு என எல்லாம் வந்தது. எலினின் போத்தலையும் வழியில் குடிக்கவென்று கையில் திணித்து, அரைக் கிலோ கட்டா மீன் கருவாட்டை மூன்று பொலித்தீன் பையில் சுற்றித் தந்தார். எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில் எலினுக்கு விளக்கினேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அது ஏதோ பாடப்புத்தகச் செய்தி போல ஆகிவிட்டது. அவள் குப்பைப் பையை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுக் காலடியில் போட்டாள். நான் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். றோசலின் அக்காவுக்காக அல்ல, போன வாய்ப்புக்காக.

நீங்கள் இப்படியொரு பயணம் போவதானால் குப்பையைக் குறையுங்கள், கட்டாயம் குறையுங்கள். ஆனால் கடையில் குறையுங்கள், விடுதியில் குறையுங்கள். வீடுகளுக்குப் போவதற்கு முந்தின நாளே, கோப்பையில் தேத்தண்ணி போதும் என்று சொல்லி அனுப்புங்கள். அப்படியும் போத்தல் வந்தால் குடித்துவிடுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் நிறுத்தார்கள். நாங்கள் கடைசி. முதலாவதாக வந்தவர்கள் தலைமன்னார்ப் பக்கம் போன இரண்டு தமிழ்ப் பையன்கள், அவர்களுடைய பையில் ரிக்கற் மட்டும்தான். முன்னால் வந்து பேசினார்கள். கடற்றொழில் செய்யும் ஒன்பது வீடுகளுக்குப் போனார்களாம், ஒன்பதிலும் சோடா நீட்டினார்களாம். "வேண்டாம் என்றதும் உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கொள்கையை மக்கள் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள்" என்றான் ஒருவன். வகுப்பு கைதட்டியது.

எலின் கைதட்டவில்லை. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாள்: "ஒன்பது வீட்டில் ஒருவர்கூட இரண்டாம் தரம் கேட்கவில்லையாமா?"