பழைய லேப்டாப்பில் ஒரு நலங்கு

ஃபிஜி நாட்டு நகாசியிலிருந்து வெளிநாடு போன குடும்பங்களில் பாதியை விமானம் ஏற்றிவிட்டவள் சுஷீலா. டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபாரம் நிரப்பிக் கொடுத்தாள். தலைநகர் சூவாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். எண்பத்தேழில் ராணுவம் பார்லிமெண்டுக்குள் நுழைந்து ஆட்சியைக் கவிழ்த்ததே, அதற்கு அடுத்த வாரம் பக்கத்துத் தெரு வாத்தியார் ஒருவர் ஆஸ்திரேலியா ஃபாரத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார். அன்றைக்குத் தொடங்கிய வேலை. இரண்டாயிரத்தில் மறுபடியும் கவிழ்ப்பு, இரண்டாயிரத்து ஆறில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அவள் வாசலில் செருப்புகள் குவிந்தன.

அவள் வேலை செய்யும் விதமே தனி. ஃபாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மூன்று தரம் படிக்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததற்கு வாயே திறக்கக் கூடாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு புத்திமதி, அது எல்லோருக்கும் ஒன்றேதான்.

"எல்லாத்தயும் வித்துட்டுப் போவாதீங்க. ஒரு ரூமாவது வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு அங்க ஒத்துக்கலேன்னா எங்க வந்து நிப்பீங்க?"

எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஒரு ரூமை வைத்துவிட்டும் போவார்கள். மூன்று வருஷம் கழித்து அந்த ரூமும் விற்றுப்போகும். அதற்காக சுஷீலா புத்திமதியை நிறுத்தினாளா? அந்தப் பேச்சே கிடையாது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். இத்தனை பேரை அனுப்பியவளுக்குத் தன் சொந்த மகன் கல்யாணத்துக்குப் போக விசா வரவில்லை. மகன் ஷால்வின் பிரிஸ்பேனில் கார் ஒடுக்கெடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் லீவு இல்லை, கல்யாணப் பெண் ரஜ்னீதாவுக்கும் லீவு இல்லை. ஆகவே கல்யாணம் அங்கேயே, ஆகஸ்டு மாதம். இது இரண்டாயிரத்துப் பதினாலில் நடந்தது. அதே சமயத்தில் பக்கத்து வீட்டு ஜிதேந்திரா தன் குடும்பத்து ஃபாரங்களோடு வந்து நின்றார், ஆறு பேருக்கு. அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சுஷீலா தன் ஃபாரத்தையும் புருஷனுடையதையும் எடுத்தாள். அனுப்பும்போது மூன்று வாரம் தாமதம். ஜிதேந்திராவுக்கு விசா வந்துவிட்டது. அவளுக்கு, "பரிசீலனையில் உள்ளது."

புருஷன் அப்பாசாமி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திட்டவில்லை. "எல்லாரும் போயிட்டா இந்த ஊர் பஸ்ல யார் ஏர்றது? நம்ம ரெண்டு பேராவது இருப்போம்" என்றார். சுஷீலா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

கல்யாணத்தைக்கூடப் பிறகு வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நலங்குதான் அவளை அறுத்தது. மாப்பிள்ளையைப் பலகையில் உட்கார வைத்து மஞ்சள் பூசுவார்கள். முதல் மஞ்சள் தாய் கை. தாய் வைத்த பிறகுதான் அத்தை, சித்தி, ஊர், உலகம் எல்லாம். தாய் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி முதலில் வைத்து அவர்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆக, கம்ப்யூட்டரில் முகம் பார்த்தபடி சுஷீலா இங்கே உட்கார்ந்து "வெய்யி" என்று சொல்ல வேண்டியது, அங்கே அப்பாசாமியின் தங்கை விநிதா அவள் கையாக இருந்து வைக்க வேண்டியது என்று முடிவானது. பிரிஸ்பேனில் மூன்று மணி, ஃபிஜியில் ஐந்து.

கம்ப்யூட்டர் என்றால் என்ன, ஒரு லேப்டாப். கடைசி ஆட்சிக் கவிழ்ப்புக்கு மறு வருஷம் விநிதா நாட்டை விட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மூடியில் ஒரு கீல் ஆடும். பேட்டரி செத்து நாலு வருஷம். அதிலிருந்த எக்ஸ்பி சிஸ்டத்தில், முகம் பார்த்துப் பேசும் ப்ரோக்ராம் இந்த மாதத்திலிருந்து ஓடாது என்று சொல்லிவிட்டது. ஷால்வின் போனில், "தூக்கிப் போடு மம்மி, நான் புதுசு அனுப்பறேன்" என்று இந்தியில் சொன்னான். ஃபிஜியில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்திதான் வாயில் வரும். அது கப்பலேறி வருவதற்குள் அவனுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். பழைய அலுவலகத்துத் தோழன் தேவேந்திரா ஒரு வழி சொன்னான். லினக்ஸ் என்று ஒரு சிஸ்டம். கிழட்டு லேப்டாப்பிலும் ஓடும். வியாழக்கிழமை ஒரு பெண்டிரைவில் போட்டுக் கொடுத்து, "சும்மா கேள்வி கேட்கும், தீதி, நீங்கள் பதில் சொன்னால் போதும்" என்றான். தீதி என்றால் அக்கா.

கேள்வி பதில்தானே! சுஷீலாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. உலகத்தில் அவள் பார்க்காத ஃபாரமா?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நடு அறையில் பாயை விரித்து லேப்டாப்பை வைத்தாள். பக்கத்தில் நோட்டு, பேனா. ஜிதேந்திரா குற்ற உணர்ச்சியில் ஒரு பொட்டலம் நங்கோனாவோடு வந்து சேர்ந்தார். நங்கோனா என்பது ஒரு வேர். இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டிக் குடித்தால் நாக்கு மரத்து மனசு லேசாகும். ஃபிஜியில் கல்யாணத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான், சும்மா இருப்பதற்கும் அதுதான். அப்பாசாமி பெரிய மரச்சட்டியைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு ஆண்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

சுஷீலா ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தரம் படித்தாள். எந்த நாடு என்று கேட்டது.

"ஆஸ்திரேலியான்னு போடு. விசா இல்லாமயே உள்ள பூந்துடலாம்" என்றார் அப்பாசாமி.

"பொய் சொன்னா ஃபாரம் திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டு அவள் ஃபிஜியைத் தேடி அழுத்தினாள்.

அடுத்த கேள்வியில்தான் வந்தது வினை. பழைய சிஸ்டத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைப் போடவா, அல்லது முழு டிஸ்கையும் அழித்துவிட்டுப் போடவா? இருபத்தேழு வருஷம் ஊருக்கெல்லாம் ஒரே புத்திமதி சொன்ன மனுஷி இதற்கு எதைச் சொல்வாள்? ஒரு ரூமையாவது வைத்துக்கொள்ளத்தான் சொல்வாள். பக்கத்தில் போடு என்று அழுத்தினாள். போதாக்குறைக்குப் பழையதற்குப் பெரிய பங்கு, புதியதற்குச் சின்னப் பங்கு. வந்தவன் முதலில் ஒண்டிக் குடித்தனம் இருந்து பார்க்கட்டுமே என்ற எண்ணம்.

திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. பத்து சதவீதத்துக்கு ஒரு சுற்று என்று ஜிதேந்திரா சட்டம் போட்டார். பத்து வந்ததும் ஒரு கைதட்டல், ஒரு சிரட்டை நங்கோனா. இருபது, மறுபடியும். நாற்பத்தாறில் கோடு நின்றுவிட்டது. இருபது நிமிஷம் அசையவில்லை.

"டீ குடிக்கப் போயிருக்கும். சர்க்கார் ஆபீஸ் மாதிரி" என்றார் ஜிதேந்திரா.

"நாங்க ஆபீஸ்ல டீ குடிச்சிகினே டைப் அடிப்போம்" என்று சுஷீலா சீறினாள்.

ஒருவழியாகப் பன்னிரண்டரைக்கு நூறு ஆயிற்று. புது சிஸ்டம் நீலமாக, சுத்தமாக, கழுவிய தட்டு மாதிரி வந்து நின்றது. ஆண்கள் இருவரும் கைதட்டினார்கள். பத்துச் சிரட்டை உள்ளே போனதில் ஒருவர் தட்டும் இன்னொருவர் தட்டும் ஒன்று சேரவில்லை. சுஷீலா முகம் பார்த்துப் பேசும் ப்ரோக்ராமை இறக்கப் பார்த்தாள். இடம் இல்லை என்றது. அதை அழித்தாள், இதை அழித்தாள், மறுபடியும் பார்த்தாள். இடம் இல்லை.

தேவேந்திராவுக்குப் போன் போட்டாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "தீதி, அந்த டிஸ்க்கே தீப்பெட்டி அளவு. அதில் எதற்கு இரண்டு குடித்தனம்? முழுசாக அழித்துவிட்டுப் போடுங்கள்."

"வேற வழி இல்லியா?"

"இருக்கிறது. ஆனால் ஐந்து மணிக்கு முடியாது."

மணி ஒன்றரை. சுஷீலா போனை வைத்தாள். போட்டோக்களைப் பற்றிக் கவலையில்லை. அவற்றை எப்போதோ சீடியில் எடுத்து வைத்துவிட்டாள், அதுவும் மூன்று பிரதி. பழைய சிஸ்டத்தில் மிச்சமிருந்தது வேறு. போனவர்களின் ஃபாரங்கள். லேப்டாப் கைக்கு வந்த பிறகு நிரப்பிய அத்தனையும், நூற்று முப்பத்தெட்டுக் குடும்பம், பேர் வாரியாக. யாராவது திரும்பி வந்து, அக்கா என் பேப்பர் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று வைத்திருந்தாள். பழைய சிஸ்டத்தை ஒரு தரம் திறந்து அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்தாள். வுனிமோனோ ஊர் வெங்கடசாமி, ட்ரெகேட்டி ஊர் பாலசுப்பிரமணி. அரிசி வயலை விட்டுப் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போடும்போதும் சொல்லிக்கொண்டே போட்டவர் பாலசுப்பிரமணி. இப்போது சிட்னியில் பேரனை ஸ்கூலுக்கு நடத்திக்கொண்டு போகிறாராம்.

அப்பாசாமி தள்ளாடி எழுந்தார். "நான் ஓடிப்போயி கடையில இன்னொரு பெண்டிரைவ் வாங்கியாரேன். எல்லாத்தயும் அதுல போட்டு வெச்சிக்க."

அவர் இருந்த இருப்பில் ஓடுவதாவது! ஆனால் கடை பக்கம்தான். ஜிதேந்திராவின் மனைவியை அனுப்பியிருந்தாலும் பத்து நிமிஷத்தில் வந்திருக்கும். சுஷீலா நோட்டை மூடி வைத்தாள்.

"வேணாங்க. ஏழு வருசமா ஒருத்தர் கேக்கலே. அவங்க நல்லா இருக்காங்க. யாரும் வரப்போறதில்லே."

இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜிதேந்திரா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் அவரும் கிளம்புகிறார். ஒரு ரூமை வைத்துவிட்டுத்தான் போகிறார் என்பது சுஷீலாவுக்குத் தெரியும், அது எத்தனை நாளைக்கு என்பதும் தெரியும்.

பெண்டிரைவைச் செருகினாள். அதே கேள்விகள். இம்முறை ஒரு தரம்தான் படித்தாள். முழு டிஸ்கையும் அழிக்கவா என்றது. அழி என்றாள். நிச்சயமாகவா என்றது. "ஆமாண்டா, எத்தினி வாட்டி கேப்பே!" என்று அதட்டிவிட்டு அழுத்தினாள். ஆண்கள் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டு மட்டும் போகாமல் இருக்கட்டும் என்று சுஷீலா மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். பேட்டரி இல்லாத லேப்டாப்புக்கு அந்தத் தாயை விட்டால் யார்? நாலேகாலுக்கு முடிந்தது. ப்ரோக்ராம் இறங்கி நிற்க நாலே முக்கால் ஆயிற்று. சுஷீலா ஓடிப்போய் முகம் கழுவிப் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு, குழைத்து வைத்திருந்த மஞ்சள் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது திரையில் விநிதாவின் மூக்கு வந்தது. பிறகு முழு விநிதா.

"அண்ணி, தெரியிதா? சீக்கிரம் அண்ணி! பொண்ணு வூட்டுக்காரங்க கெளம்பணும்னு நிக்கறாங்க. நான் வெச்சிடறேன்னா இவன் உட மாட்டேங்கறான்."

விநிதா நகர்ந்ததும் ஷால்வின் தெரிந்தான். வேட்டி கட்டி, வெற்று மார்போடு பலகையில் உட்கார்ந்திருந்தான். கன்னம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. பின்னால் நின்ற பெண்கள் எல்லோர் கையிலும் கிண்ணம்.

"வெய்யி விநிதா" என்று சுஷீலா மெல்லச் சொன்னாள்.

"நஹி" என்றான் ஷால்வின். "பஹிலே மம்மி." முதலில் மம்மிதானாம்.

"நான் எப்பிடிடா வெப்பேன், இங்கருந்துகினு?"

அவன் எழுந்து வந்து அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையை அணைக்கிற மாதிரி முகத்தோடு சேர்த்துக்கொண்டான். கன்னம் கேமராவை அடைத்துவிட்டது. சுஷீலாவின் திரை முழுக்க இருட்டு. "லகாவ், மம்மி" என்று அந்த இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. பூசு, பூசு என்கிறான்.

சுஷீலா விரல்களை மஞ்சளில் முக்கினாள்.

"ஏ, இன்னா பண்றே! லேப்டாப்பு கெட்டுப்பூடும்!" என்று அப்பாசாமி கத்தினார்.

"கெட்டா கெடட்டும்" என்று சொல்லி, திரையில் அவன் கன்னம் இருக்கிற இடத்தில் மேலிருந்து கீழாக மூன்று தரம் அழுத்திப் பூசினாள். மஞ்சள் வழிந்து கீபோர்டுக்குள் இறங்கியது.

"பட்டுச்சாடா?" என்று கேட்டாள்.

"டண்டா ஹை, மம்மி" என்றான் ஷால்வின். ஜில்லென்று இருக்கிறதாம்.

சுஷீலா சிரித்தாள். அழுகையும் வந்தது; அதையும் விட்டுவிட்டாள். பிறகு மஞ்சள் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே நீங்கள்லாம் வெய்யுங்க" என்றாள்.