ஜெனிஃபர் பார்த்தாச்சு

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் காப்பிக்குப் போன பிறகும் வால்டர் தேவாலய வாசலில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறார். படிப்பது என்று சொன்னாலும் வேவு பார்ப்பதுதான். எங்காவது அப்பாஸ்ட்ரஃபி விடுபட்டிருந்தால் பங்குத்தந்தையைக் கையோடு கூட்டிவந்து காட்டுவார். எழுத்தின் தலைமேல் கொசு அளவுக்கு நிற்கும் அந்தக் குறிக்கு மைசூரில் அவரைவிடப் பெரிய காவல்காரர் கிடையாது.

முப்பத்தோரு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பங்கிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையோ, நர்ஸ் வேலைக்கு விண்ணப்பமோ, ஆங்கிலத்தில் எது எழுதினாலும் வால்டர் சார் பார்த்த பிறகுதான் வீட்டைவிட்டு வெளியே போகும். அப்படி யாராவது வந்துபோன நாளில் சாருக்குச் சாப்பாடு ஒரு பிடி கூடவே இறங்கும்.

அதற்கு உலை வைத்தவள் ஜெனிஃபர். இருபத்தாறு வயது, மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு கம்பெனியில் ஆங்கிலம் எழுதியே சம்பளம் வாங்குகிறவள். பங்கின் மாத இதழ் அவள் கைக்குப் போனதும் அப்பாஸ்ட்ரஃபி அத்தனையும் காணாமல் போயின. வால்டர் போய்க் கேட்டார்.

"போன்ல யாரு அங்கிள் அதப் போடறாங்க? இல்லாமயே எல்லாருக்கும் புரியுது. சும்னே எதுக்கு?"

சும்மா என்பதற்குக் கன்னடத்துச் 'சும்னே'யைப் போட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள். மூன்று இதழ் வந்தும் ஒருவரும் குறை சொல்லவில்லை. படிக்கச் சுலபமாக இருக்கிறதாம், நர்ஸ் மீனா அவரிடமே வந்து சொன்னார்.

குறிக்காகப் போராடுவதாகத்தான் வால்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அது வயிற்றெரிச்சல். பூசை முடிந்தால் ஜனங்கள் இப்போது காகிதத்தோடு அவள் முன்னால் நிற்கிறார்கள். அவளுடைய இதழைத் தப்புத் தேடித் தேடி வரி விடாமல் படிக்கிறார். பெண் நன்றாக எழுதுகிறாள் என்பது தெரியும்போது இன்னும் எரிகிறது.

போன வாரம் அவர் மகள் ஜேன், தன் கல்யாணப் பத்திரிகையின் நகலைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஜெனிஃபர் பார்த்தாச்சு டாடி. நாளைக்கு பிரின்ட்டுக்குப் போகுது. உங்களுக்குப் பிடிக்கும்னு எல்லா எடத்துலயும் அதப் போட்டிருக்கா."

சொந்த மகளின் பத்திரிகை, அதுவும் இரண்டாவதாகத்தான் தன்னிடம் வருகிறது. வால்டர் நகலை வாங்கிப் பார்த்தார். குறி நான்கு இடத்தில் வேண்டும், நான்கிலும் இருந்தது. மூன்று தடவை படித்தும் ஒரு பிழை கிடைக்கவில்லை. ஜேன் கையை நீட்டியபடி நின்றாள்.

வால்டர் பேனாவைத் திறந்து, முதல் வரியில் இருந்த குறியை அடித்தார். அதற்குப் பக்கத்திலேயே அதே குறியைத் தன் கையால் போட்டு, "இப்ப அனுப்பு" என்று கொடுத்தார்.