கால் நீட்ட இடமில்லாத ஸ்டேஷன் வேகன்

2004 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு காதர் பாய் வண்டியை சவூதியின் ஜுபைலில் எங்கள் கேம்ப் வாசலுக்குக் கொண்டுவந்தார். தம்மாம் விமான நிலையம் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஊருக்குப் போகிறவன் என் அறைக்காரன் செல்வம், புதுக்கோட்டைப் பக்கம். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. மார்பிலிருந்து இடுப்புவரை பெல்ட். உட்கார்ந்து பயணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் கவுண்டரில் துவண்டு விழுந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் அதுவரை படுக்க வைத்தே கொண்டுபோவது என்று முடிவு செய்தோம்.

காதர் பாய் காயல்பட்டினத்துக்காரர். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வண்டி, ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க இன்ஜினியர் விட்டுப்போனது. ரயிலடியில் இறங்குகிறவர்களைப் பெட்டியும் படுக்கையுமாக வீட்டில் சேர்த்ததால்தான் ஸ்டேஷன் வேகன் என்று பெயராம். முதலில் மரத்தாலேயே கட்டினார்கள். பிறகு மரம்போலத் தெரிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எழுபதுகளில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்காவில் பெட்ரோல் விலை எகிறியது. கப்பல்போல இருந்த வண்டிகளைக் குறுக்கினார்கள். அப்படிக் குறுகிப் பிறந்த நடுத்தர வண்டி இது. உள்ளே இடம் மிச்சம் பிடிக்க, பின்சீட்டுப் பக்கக் கதவுகளின் கண்ணாடியை இறங்காதபடியே செய்துவிட்டார்கள். பெட்ரோலுக்குப் பயந்து செய்த வண்டி, பெட்ரோல் தண்ணீரைவிட மலிவான ஊரில் வந்து ஓடுகிறது. எனக்கு அதன்மேல் அன்று எரிச்சல்தான் வந்தது.

காரணம், செல்வம் ஆறடிக்கு மேல். பின்சீட்டை மடித்துப் படுக்க வைத்தால் கணுக்கால் வெளியே நின்றது. முழங்காலை மடக்கியபோது வலியில் முகம் வெளுத்துவிட்டான். கடைசியில் பின்பக்கக் கதவைக் கீழே சாய்த்து, அதன்மேல் தலையணை வைத்து, கால்களை நீட்டிவிட்டோம். திறந்த பக்கமாக வெயில் கொட்டியது. படுக்கை விரிப்பை எடுத்துத் தலைமுதல் கால்வரை போர்த்தினோம். வெள்ளை விரிப்பு. வெள்ளைத் துணியில் சுற்றிய எத்தனையோ மையத்துகளை ஊரில் தோளில் சுமந்தவர் பாய். அவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

செக்போஸ்டில் போலீஸ்காரர் பின்னால் வந்து பார்த்தார். தலையைத் தாழ்த்தி, இறந்தவருக்காகச் சொல்லும் வாசகத்தை மெல்லச் சொன்னார். பாய் பதறி இறங்கினார்.

"மரீத், மரீத்! சீக்காளிதான் சார்."

விரிப்புக்குள்ளிருந்து செல்வத்தின் குரல் வந்தது. "அண்ணே, துணிய எடுத்துருங்க. வெயிலு பட்டாப் படட்டும். நான் உசுரோடதான் போறேன்."

போலீஸ்காரரே விரிப்பை விலக்கினார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, காகிதம் எதுவும் கேட்காமல் கையசைத்தார். மீதி வழியெல்லாம் நான் பின்னால் குனிந்து உட்கார்ந்து, அவன் கண்களுக்கு என் கையால் மறைப்புப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகையாக வந்தது.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு மாற்றினோம். கவுண்டரில் இருந்தவர் அவனை ஒரு கணம் பார்த்தார்.

"சென்னை வரைக்கும் உட்கார முடியுமா?"

"முடியும் சார்." நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் வலி முகத்தில் தெரிந்துவிடும்.

அவர் போர்டிங் பாஸை நீட்டினார்.

உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஊருக்குப் போகிறவர்கள் அந்தக் கண்ணாடிக் கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்ப்பது வழக்கம். நானும் பாயும் அதற்காகத்தான் நின்றோம். அவன் பார்க்கவில்லை.

"என்ன தம்பி, பாக்காமலே போறான்?" என்றார் பாய்.

"பெல்ட் போட்டிருக்கு பாய். அவனால திரும்ப முடியாது."

சொல்லி முடிப்பதற்குள், நாற்காலியின் பக்கவாட்டில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. நாங்கள் நிற்கிறோமா, போய்விட்டோமா என்று தெரியாமலேயே அது அசைந்துகொண்டிருந்தது.