தொரையோட ஏற்பாடு

நெல்லியாளம் பக்கத்தில் ஓர் எஸ்டேட் ஃபேக்டரி. அங்கே தேயிலை சலிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள் ரஞ்சனி. சிலோன் தோட்டத்திலிருந்து வந்த அவள் அம்மா காத்தாயி மகளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து, பெரிய இடத்து ஆள் எது கேட்டாலும் எஸ்டேட் மேனேஜரான தொரை பேரைச் சொல்லிவிடு என்பதுதான். நல்ல சொத்து!

ஒரு மாசியில் காப்பிச் செடிகள் பூத்திருந்தன. உதிர்ந்த பூவைக் கொஞ்சம் அள்ளிப் பையில் போட்ட ரஞ்சனி, அதே பையில் வீட்டுத் தேயிலைப் பொட்டலத்தையும் வைத்துவிட்டாள். சாயங்காலம் டீயில் மல்லிகை போல ஒரு வாசம். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதை விற்கலாமே என்று தோன்றியது அவளுக்குத்தான்.

அந்த வருஷம் பார்த்துக் கம்பெனிக்கும் ஞானம் பிறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் புதுச் சரக்கு யோசிக்கலாம், வேலை நேரத்திலேயே செய்து பார்க்கலாம், சரிவராவிட்டால் திட்டு கிடையாது என்று கோயமுத்தூர் ஆபீஸ் அறிவித்தது. மேனேஜர் கிருத்திக், சின்ன வயசுக்காரர், அதை அப்படியே நம்பினார்.

"ஏனுங்க ரஞ்சனிக்கா, அந்தச் சாக்கு ரூம் சும்மாதான கெடக்குது? எடுத்துக்கோங்க. கெட்டுப்போனா போகட்டும், நான் பாத்துக்கறேன்."

இப்படி ஒரு பேச்சை எந்தத் தொரையிடமும் அவள் கேட்டதில்லை. ஃபினாயில் வாசம் தேயிலையில் ஏறிவிடும் என்று வெறும் தண்ணீரால் அறையைத் தேய்த்துக் கழுவினாள். பூவின் ஈரத்தால் முதல் தடவை பூஞ்சை பிடித்தது. சொன்னபடியே யாரும் திட்டவில்லை. மூன்றாவது தடவை மணம் தேயிலையிலேயே தங்கியது. "ஒன் மூஞ்சியே மாறிப்போச்சுடி," என்றாள் கூட வேலை செய்யும் மெட்டில்டா. உண்மைதான். அந்தச் சின்ன அறையும் அந்த டீயும் தன் கையில் நிலைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது ரஞ்சனிக்கு.

பார்வையிட ஆபீஸிலிருந்து சுவாதி வந்தாள். மிஷின் நின்றுபோனதென்று கிருத்திக் கீழே ஓடியிருந்தார். ரஞ்சனி நீட்டிய டீயைச் சுவாதி ஒரு வாய் குடித்தாள். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லாருக்குங்க! யாரோட ஐடியா இது?"

"எல்லாம் தொரையோட ஏற்பாடுங்க."

பாழாய்ப்போன வாய். வந்த விருந்தாளியிடம் 'நான்தான்' என்பது தொரை நாற்காலியில் போய் உட்காருவது மாதிரி. அது எஸ்டேட்டில் நடக்காது. சுவாதிக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? பதிலைப் போனில் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் கிருத்திக்குக்குப் பதவி உயர்வும் மாறுதலும் சேர்ந்து வந்தன. குன்னூர்ப் பக்கத்துப் பெரிய ஃபேக்டரியில் காப்பிப்பூ டீயை அவரே நடத்த வேண்டுமாம். ரஞ்சனியிடம் வந்து நின்றவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் சொன்னனுங்க, அக்காவோடதுன்னு. ஆபீஸ்ல, 'ரஞ்சனியே உங்க பேரத்தான சொன்னாங்க, எதுக்கு இந்தப் பெருந்தன்மை'ங்கறாங்க."

"என்னயும் கூட்டிட்டுப் போயிருங்களேன் தொரை."

"கேட்டுப் பாத்தனுங்க. லேபர வேற எஸ்டேட்டுக்கு மாத்த மாட்டாங்களாம்."

யாரைக் கோபிப்பது? அவரும் பொய் சொல்லவில்லை, கம்பெனியும் ஏமாற்றவில்லை. அன்று அவள் அழக்கூட இல்லை. சலிக்கும் இடத்துக்குத் திரும்பிப் போனாள். புதிதாக வந்த தொரை அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் வாரம் ஒருநாள் அதைக் கழுவி வைத்தாள். கழுவும்போதெல்லாம், 'நான்தாங்க செஞ்சேன்' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள். அடுத்த முறை யார் கேட்டாலும் சொல்லிவிடுவது என்று முடிவு.

மறு மாசியில் பூ வந்தது. சுவாதியும் வந்தாள். ஃபேக்டரியைச் சுற்றிக்கொண்டு வந்தவள் அந்த அறை வாசலில் நின்றாள். உள்ளே ரஞ்சனி வெள்ளைத் துணியில் கொஞ்சம் பூவும் தேயிலையும் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அட, இங்க இப்பவும் செய்றாங்களே! யாருங்க?"

சுவாதிக்குப் பின்னால் புதுத் தொரை நின்றிருந்தார். அப்போதுதான் அந்த அறையையே முதன்முதலாகப் பார்க்கிறார். ரஞ்சனி வாயைத் திறந்தாள்.

"தொரையோட ஏற்பாடுங்க," என்றது அது.