குடுவையில் ஒன்று, மாட்டில் இரண்டு

மாட்டு ரத்தத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இரண்டே தரப்பு: ஒன்று உண்ணி, இன்னொன்று என்னைப் போன்ற ஆய்வகக்காரர்கள். உண்ணிக்காவது மாட்டுக்காரருக்குப் பதில் சொல்லும் தொல்லை இல்லை. பாலக்காட்டுப் பக்கம் ஒரு கால்நடை ஆய்வகத்தில் தைலேரியா என்ற ஒட்டுண்ணியோடு மல்லுக்கட்டுவது என் வேலை. உண்ணி கடித்தால் அது மாட்டின் ரத்தத்தில் ஏறும். காய்ச்சலும் சோகையுமாக மாட்டைச் சாய்த்துவிடும். காலையில் தொழுவம், மதியம் நுண்ணோக்கி, சாயங்காலம் மேலதிகாரி என்று அல்லாடும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

திரும்பி வந்த காய்ச்சல்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ராமசாமி அண்ணன் என்றொரு விவசாயி. அவருடைய கறவை மாட்டுக்குக் காய்ச்சல் என்று மருத்துவரோடு போய் ரத்தம் எடுத்து வந்தேன். தைலேரியாதான். ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது, மாடு தீனி எடுத்தது. கொஞ்ச நாளில் மறுபடி காய்ச்சல்.

இந்த ஒட்டுண்ணியில் மருந்துக்கு அடங்கும் வகையும் உண்டு, அடங்காத வகையும் உண்டு. அந்த ரத்தத்திலிருந்து எங்கள் ஆய்வகக் குடுவையில் வளர்ந்தது அடங்கும் வகை. அதனால் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினோம்: தொழுவத்தில் மருந்து தெளிக்கவில்லை, உண்ணி மறுபடி கடித்திருக்கிறது. அதே ஊசியைத் திரும்பவும் போட்டார்கள். மாடு எழுந்திருக்கவே இல்லை. அதன் தலைமாட்டில் நின்றுகொண்டு ராமசாமி அண்ணன் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, வாரந்தவறாம மருந்தடிச்ச கட்டுத்தறிங்க இது. நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்க, அந்தக் குடுவை சொன்னா மட்டும் நம்புவீங்களாக்கும்?"

ஓட்டத்தில் தோற்றவன்

அந்தக் கேள்வி என்னைச் சோறு தின்ன விடவில்லை. நாங்கள் செய்வது இதுதான்: ஒட்டுண்ணி புகுந்த வெள்ளை அணுக்களை ரத்தத்திலிருந்து பிரித்து, குடுவையில் போட்டு வளர்ப்போம். நன்றாகப் பெருகியதை எடுத்துச் சோதிப்போம். ஆனால் மாட்டுக்குள் இரண்டு வகை இருந்து, அதில் ஒன்று மட்டும் குடுவைக்குள் வேகமாகப் பெருகினால்? மெதுவாக வளர்வது இடமில்லாமல் காணாமல் போகும். நாங்கள் ஜெயித்தவனை மட்டும் பார்த்துவிட்டு, ஓடியவனே அவன் ஒருவன்தான் என்று எழுதிவிடுவோம்.

உறைபெட்டியில் அந்த மாட்டின் முதல் ரத்தம் மிச்சம் இருந்தது. வளர்க்காமல், ரத்தத்திலிருந்து நேராகவே, மரபணுவைப் பார்த்து வகை சொல்லும் பிசிஆர் சோதனை செய்தேன். இரண்டு வகை! எங்கள் தலைமை மேடம் மலையாளி; தமிழையும் மலையாளத்தில் ஊறவைத்துத்தான் பேசுவார். முடிவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. "செலினே, ஒரு பசுவை வெச்சு ஒண்ணும் பறைய முடியாது, இன்னொரு பசுவிலும் இது கிட்டினால் வா, இல்லெங்கில் வெறுதே வராதே."

மைனி வீட்டுக்கு ஒரு விருந்தாளி

அடுத்த மாடு என் குடும்பத்திலேயே கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், என் அண்ணனும் அவன் மனைவி மெர்சி மைனியும் இருக்கிறார்கள். அவர்கள் மாட்டுக்கு ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று அண்ணன் போன் செய்தான். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலில் மைனி காப்பியோடு நிற்க, நான் பையைக்கூட வைக்காமல் தொழுவத்துக்குள் நுழைந்தேன். மாட்டின் கண்ணிமை உள்ளே வெளுத்திருந்தது. அதைத் தடவிக்கொடுத்து, ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் எழுதி முடித்து நிமிர்ந்தால், காப்பி ஆறிப்போயிருந்தது. மைனி சொன்னாள்: "ஏட்டி செலினு, நீ வந்தா மனுசரை எல்லாம் விட்டுட்டு மாட்டுக்கிட்டதான் மொதல்ல சுகம் விசாரிக்கே!"

பஸ்ஸில் ஐஸ் பெட்டி

உடனே திரும்பினேன். அணுக்கள் செத்துப்போனால் குடுவையில் எதுவும் வளராது, வந்ததே வீண். குமுளி, தேனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரம் பெட்டியையே பார்த்துவிட்டு மெல்லக் குனிந்து கேட்டாள்: "என்ன மீனும்மா? வாடையே இல்லையே, இன்னைக்குப் பிடிச்சதா?"

மூன்று சாட்சிகள்

இந்தத் தடவை ரத்தத்தை மூன்று பங்காக்கினேன். ஒரு பங்கை நேராகச் சோதித்தேன். ஒன்றை வழக்கம்போல் ஒரே குடுவையில் வளர்த்தேன். மூன்றாவதை நன்றாக நீர்க்க வைத்து, ஆய்வகத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் தனித்தனியே விட்டேன். ஒருவனுக்கு ஒரு அறை கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் நெருக்கித் தள்ள முடியாதல்லவா?

நேர்ச் சோதனையில் முதலிலேயே இரண்டு வகையும் தெரிந்தன. அடங்காத வகையும் கூடவே இருக்கிறது என்று வண்டிப்பெரியார் மருத்துவருக்கு உடனே சொன்னேன். அவர் அந்த ஊசியோடு நிற்காமல் வேறு மருந்து சேர்த்து, பக்கத்து லயத்து மாட்டின் ரத்தமும் ஏற்றினார். பிறகு குடுவை முடிவு வந்தது: ஒரே ஒரு வகை, அதுவும் மருந்துக்கு அடங்குவது. குழிகளில் பெரும்பாலானவற்றில் அதுவே. சிலவற்றில் மட்டும், கஷ்டப்பட்டு, மற்றது. சோதனையை மறுபடி மறுபடி செய்தேன், மாறவில்லை. கருவியைக் கவனிக்கும் சுரேஷ் தாளைத் தூக்கிப் பிடித்துச் சொன்னான்: "ஒரே மாடு, மூணு சாட்சி, குடுவை மட்டும் ஒண்ணுங்குது, மத்த ரெண்டும் ரெண்டுங்குது, இத்தனை நாளா நாம கேள்வியே கேக்காம விட்டோமே நேர்ச் சோதனை, அதுதான் பொய் சொல்லாத சாட்சி."

மேடம் கையெழுத்துப் போட்டார். இப்போது எங்கள் ஆய்வகத்தில் நேர்ச் சோதனை செய்யாமல் எந்த ரத்தமும் குடுவைக்குள் போவதில்லை. மைனியின் மாடு மெலிந்துபோனாலும் எழுந்துவிட்டது.

சொல்ல வேண்டிய சேதி

ராமசாமி அண்ணனுக்கு போனில் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, நேரில் போனேன். உண்ணி மறுபடி கடிக்கவில்லை, முதல் காய்ச்சலிலேயே இரண்டு வகை இருந்திருக்கிறது, எங்கள் முறைக்கு அது தெரியவில்லை, உங்கள் மேல் தப்பே இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் காலியாகக் கிடந்த முளைக்குச்சியைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "செத்த மாடு வராதுங்க அம்மிணி, ஆனா இந்தச் சேதிய ஊட்டுக்குள்ள வந்து எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க, அன்னைலருந்து அவ என்னையத்தான் உண்ணிங்கறா."

மாட்டைப் பிழைக்க வைப்பது மருத்துவர், மாட்டுக்காக அழுவது மாட்டுக்காரர், ஒன்று என்று எழுதிய இடத்தில் இரண்டு என்று திருத்துவதற்கு மூன்று மடங்கு வேலை பார்ப்பவர்கள் நாம்.