பொடிசின் மாட்டுப் பரீட்சை

கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அப்படி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. வாயைத் திறந்தால் மட்டும் தெரியும். மாட்டு எலும்பிலிருந்து கோழிக் காய்ச்சல் வரை படித்த அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். அவளைக் கவிழ்த்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. தோள்வரை கையுறை மாட்டி, பசுவின் ஆசனவாய் வழியே கையை விட்டு, குடலுக்கு அடியில் இருக்கும் கருப்பையைத் தடவி, சினையா இல்லையா, எத்தனை மாசம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு எட்டியது. அவளுக்கு எட்டவில்லை.

போன வருஷம், முன்னால் போய்விட்டு வந்த தோழிகள் விடையை அவள் காதில் போட்டுத்தான் அனுப்பினார்கள். அந்தக் கல்லூரியில் காலங்காலமாக நடக்கிற உபகாரம் அது. பொடிசு பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினாள், வெறுங்கையோடு வெளியே எடுத்தாள், "எட்டல சார், தெரியல" என்றாள். ஃபெயில். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோழிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தேர்வாளரோ, இந்தப் படிப்பு உன் உடம்புவாகுக்குச் சரிப்படாது என்று கரிசனமாகச் சொன்னார். அம்மா தையல்காரி. "உன் சட்டைக்கெல்லாம் கையை வெட்டி வெட்டித் தைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? வேற படிப்பு பாரு" என்றாள்.

அந்தக் கரிசனம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை போகாவிட்டால் கருப்பை வரட்டும் என்று முடிவு கட்டினாள். வழி பாடப்புத்தகத்திலேயே ஒரு மூலையில் கிடந்தது: கருப்பையின் கழுத்து கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதைப் பிடித்து மெல்ல இழுத்தால் மிச்சமும் பின்னோடு வரும். எழுதியவருக்கென்ன, எழுதிவிட்டார். அவள் இறைச்சிக்கூடத்தில் கெஞ்சி வெட்டிய மாடுகளின் கருப்பைகளை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகினாள். கல்லூரித் தொழுவத்தில் ஆசிரியர் பழகிப் பார்க்க விட்ட மாடுகளிடம் உதை வாங்கினாள். மாடு முக்கினால் கை மரத்துப்போகும். அது அடங்கும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

இந்த வருஷமும் அதே தேர்வாளர். இந்த வருஷமும் அதே உபகாரம். கூடப் படிக்கும் சின்னப் பிள்ளைகள், அவள் வேண்டாம் என்பதற்குள், "மூணு மாசம்க்கா" என்று காதில் போட்டுவிட்டார்கள்.

கையை விட்டாள். முக்கல் அடங்கியது. கழுத்தைப் பிடித்தாள், இழுத்தாள். கருப்பை நழுவி உள்ளங்கைக்கு வந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சினையென்றால் கருப்பையின் இரண்டு கிளைகளில், அதாவது கொம்புகளில், ஒன்று பருத்திருக்க வேண்டும்; இதில் இரண்டும் ஒரே பருமன். நீர் கோத்திருக்கவில்லை. மறுபடி தடவினாள். ஒன்றுமே இல்லை.

"சினை இல்லை சார்."

தேர்வாளரின் முகம் சுருங்கியது. மூன்று மாசம் என்று காலையில் அவரே பார்த்துக் குறித்த மாடு. அதுவரை வந்த அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எட்டாமல் கதை அளக்கிறாள் என்று நினைத்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தப்பாச்சுன்னா இன்னொரு வருஷம்."

மூணு மாசம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் அவள் டாக்டர். வீட்டில் போய் என்ன சொல்வது?

"இன்னும் பத்து வருஷம் ஆனாலும் சரி சார். என் கைக்கு வந்தது காலியாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க."

தேர்வாளரிடம் அப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அவர் விருட்டென்று கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். உள்ளே விட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தொழுவக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில கட்டினது களைச்சுப் போச்சுங்க. டீ நேரத்துலயே வேற மாட்டை மாத்திக் கட்டிட்டேன்" என்றார் அவர்.

தேர்வாளர் கையுறையைக் கழற்றிப் போட்டார். பொடிசுக்குப் பாஸ் போட்டார். வாசலில், பரீட்சை முடிந்த பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"டீக்கு அப்புறம் வந்தவங்க அத்தனை பேரையும் உள்ள கூப்பிடு" என்றார்.

பொடிசு போய்க் கூப்பிட்டாள்.