நெட் லேப்டாப் வாங்கலாமா?

கம்ப்யூட்டர் கடையில் சாமான் வாங்க வருகிறவர் ஒரே ஒரு தடவைதான் சிரித்த முகத்தோடு வருவார். அடுத்த தடவை வரும்போது கையில் பில் இருக்கும். கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் நிற்பது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில். எங்கள் முதலாளி அண்ணாச்சி, மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு வகை லேப்டாப்பை மொத்தமாக வாங்கி இறக்கிவிட்டார். அதில் விண்டோஸ் கிடையாது. இணையத்தைத் திறக்கிற பிரவுசர் ஒன்றுதான். எழுதுவது, கணக்குப் போடுவது, படம் பார்ப்பது எல்லாம் அதற்குள்ளேயே. நாங்கள் அதற்கு 'நெட் லேப்டாப்' என்று பெயர் வைத்தோம். வருகிறவர்கள் எல்லாரும் விலையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "இத வாங்கலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் நிம்மதி போயிற்று.

சபை மடல்

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். அவருடைய கிறிஸ்தவ சபையில் மாதாமாதம் வரும் மடலை எழுதி, டைப் அடித்து, அச்சுக்குக் கொடுப்பது அவர்தான். நெட் லேப்டாப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை, கோயிலுக்குக் கொண்டுபோக வசதி என்று அவருக்கு ஒரே சந்தோஷம். வாங்குவதாகவே முடிவு செய்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

திறந்தேன். அவர் அடித்ததெல்லாம் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில். அதை இந்த லேப்டாப்பில் ஏற்ற வழியில்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு மடலாகத் திறக்கச் சொன்னார். எல்லாம் அப்படியே. புது எழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் சார், அதற்கு ஆள் இருக்கிறார்கள் என்றேன். பென் டிரைவைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மாத்தலாம்தான் தம்பி. இம்புட்டையும் மாத்தி, திரும்ப வாசிச்சுப் பாத்துத் திருத்த எனக்கு ஆயுசு வேணுமே."

கடைக்குள்ளே

என்னோடு நிற்கிற பஷீருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. மூடியைத் திறப்பான், பட்டனை அமுக்குவான், "பாத்தீயளா, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வந்துட்டு" என்பான். அதோடு சரி. கடையில் வைஃபை பறக்கும். அங்கே எதுவுமே திணறாது. வாங்குகிறவரும் சிரித்துக்கொண்டே தூக்கிப் போவார்.

நானோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உங்க வீட்டுல நெட் எப்படி?" என்று கேட்டுத் தொலைப்பேன். பாதிப் பேர் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். இன்னொரு ஆளைத் திருப்பி அனுப்பினால் சார்ஜர், கேபிள் விற்கிற மூலைக்கு உன்னை மாற்றிவிடுவேன் என்று அண்ணாச்சி எச்சரித்துவிட்டார். கமிஷன் இல்லாத மூலை அது. பஷீர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொன்னான்:

"கடைக்குள்ள நல்லா ஓடுதா, அம்புட்டுதான் நம்ம சோலி. வீட்டுல ஓடுதான்னு நாம எதுக்குவே போயிப் பாக்கணும்?"

ஸ்டூலில் உட்கார்ந்தவர்

அன்னத்தாய் அக்கா மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர். எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையிலிருந்து இறங்கியபோது அவரும் இறங்கி, மகளோடு ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருக்கிறார். மகள் செல்வி பி.காம். முடித்தவள். வீட்டிலிருந்தே டைப் அடிக்கிற வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. சொந்த லேப்டாப் வேண்டும் என்பது நிபந்தனை. இல்லாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிதான். அதற்கு ஆள் பிடிக்கிறவர் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து போய்விட்டார். "மலையும் போச்சு. அவளும் போயிட்டான்னா நான் யாரு மூஞ்சியில முழிக்க?" என்றார் அக்கா.

நெட் லேப்டாப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மலையில் இருந்தவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். ஒரு பஸ்ஸில் இறங்கி, சாமானை நன்றாகச் சோதித்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலை ஏறிவிட வேண்டும். சரியில்லை என்று மாற்றுவதற்காக யாரும் மறுபடி இறங்குவதில்லை. சாயங்காலம் வரை சார்ஜ் நின்றதைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கம்பெனி வேலை எந்த மென்பொருளில் என்று கேட்டேன். தெரியவில்லை. "விண்டோஸ் வேணும்னு சொல்லிட்டாங்கன்னா இது ஆகாதுக்கா. பிரிச்சத கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். அக்கா லேப்டாப்பை முந்தானையால் துடைத்து என் கையில் தந்தார்.

"கேட்டுட்டு வாரேன் தம்பி. அதுக்குள்ள இத வேற யாருக்கும் குடுத்துராத."

ஆபீஸ் கூப்பிடும்

அந்த ஒன்றை மட்டும் மேஜைக்கு அடியில் எடுத்து வைத்தேன். அக்கா வரவில்லை. போன் போட்டேன். செல்வி அன்றைக்கே கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாளாம், பதில் இல்லையாம். திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், போன் பண்ணச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். அக்கா மசியவில்லை. எஸ்டேட் ஆபீஸில் லீவு கேட்டாலும், ஒழுகுகிற கூரைக்குத் தகரம் கேட்டாலும் அதுதான் முறை. ஒரு தடவை சொல்ல வேண்டும், அப்புறம் கூப்பிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்த மரியாதையை இந்தக் கம்பெனிக்கும் கொடுத்தார்.

"திரும்பத் திரும்பப் போயி நின்னா கோவிச்சுக்கிடுவாவ தம்பி. அவுகளா கூப்பிடுவாவ."

நீள ஒயர்

ஒரு நாள் காலையில் அக்கா கடைக்குள் நுழைந்ததும் நான் குனிந்து அந்த லேப்டாப்பை எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், தொடவில்லை. போன் சார்ஜர் ஒன்று வேண்டும் என்றார். செல்விக்கு அன்று சாயங்காலம் திருப்பூர் பஸ். கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்களாம், ரொம்பத் தாமதமாக. உங்களிடமிருந்து பதிலே காணோம், உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்து வேறு ஆளைப் போட்டுவிட்டோம் என்றார்களாம்.

"நம்ம மெசேஜ் என்னாச்சாம்?" என்றேன். கம்பெனியில் யாரும் பார்க்கவே இல்லையாம். என்ன மென்பொருள் என்று அந்தப் போனிலாவது கேட்டீர்களா என்றேன். அவர் கேட்டிருந்தார். கோபமே இல்லாமல், ஒவ்வொரு சார்ஜராக ஒயரை விரித்துப் பார்த்தபடி சொன்னார்:

"எல்லாம் நெட்டுக்குள்ளேயே செய்யுத வேலதானாம். இந்த லேப்டாப்பே தாராளமாம். ஒயரு நீளமாப் பாத்து எடு தம்பி, ஆஸ்டல்ல பிள்ளைக்கு மேல் கட்டிலாம்."

நெட் லேப்டாப் வாங்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால், பஷீர் நிற்கிற பக்கம் கையைக் காட்டிவிட்டு, அண்ணாச்சி சொல்வதற்கு முன்பாகவே சார்ஜர் மூலைக்குப் போய் நின்றுகொள்கிறேன்.